ராணிப்பேட்டைக் கணக்கர் ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம். ஒரு தோல் எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து வந்தது என்பதை வாங்குபவருக்குக் காட்டும் எங்கள் தோல் தடமறியும் வேலை சென்ற வாரம் எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். கெடுவுக்குள் விவரங்கள் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

முதல் நன்றி, டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில் நெடுங்காலம் லாட் (ஒன்றாகப் பதனிடப்படும் தோல் தொகுதி) பதிவேடு எழுதி ஓய்வுபெற்ற கணக்கர் ஐயாவுக்கு உரியது. அட்டவணைகளாகச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ், புள்ளிகளும் இணைப்புகளுமாகச் சேமிக்கும் நியோ4ஜே, மூன்று உறுப்புக் கூற்றுகளாகச் சேமிக்கும் ஆர்டிஎஃப் சேமிப்பகம் ஆகிய மூன்று தரவுத்தளங்களில் எது வேகமானது என்று நாங்கள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, அழைக்காமலேயே வந்தவர், பழைய பேரேட்டைத் திறந்து சிவப்பு மையிட்ட ஒரு வரியைக் காட்டினார். வெட் புளூவிலிருந்து (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) கிரஸ்ட் (உலர்த்திய, இறுதி மெருகேற்றாத தோல்) ஆன ஒரு லாட், சாயம் திட்டுத்திட்டாக ஏறியதால் திருப்பி அனுப்பப்பட்டு, அதே எண்ணில் மீண்டும் சாயமேற்றும் டிரம்முக்குள் போயிருந்தது. "லாட்டு சில நேரம் திரும்பி வரும் தம்பி, அது உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

வேகத்தைவிட அந்தக் கேள்விதான் மூன்றையும் பிரித்துக் காட்டியது. லாட் திரும்பி வந்தால் அதன் தடம் வட்டமாகிச் சுழல்கிறது. போஸ்ட்கிரெஸில் யூனியன் ஆல் (மீண்டும் வரும் வரிகளை நீக்காமல் சேர்ப்பது) கொண்டு எழுதிய வித் ரிகர்சிவ் வினவல் (தடத்தைப் படிப்படியாகத் தொடரும் கேள்வி), இத்தகைய சுழற்சியில் சிக்கினால் தானாக நிற்காது; 2021இல் வந்த 14ஆம் பதிப்பின் சைக்கிள் என்ற கூறு அதை நிறுத்துகிறது. நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபர் இயல்பாக ஒரே தேடலில் ஓர் இணைப்பை இருமுறை கடப்பதில்லை என்பதால் நின்றுவிடும், ஆயினும் கிளைகள் மிகுந்தால் பாதைகள் பெருகி நினைவகத்தை விழுங்கும். ஆர்டிஎஃப் சேமிப்பகத்தின் வினவல் மொழியான ஸ்பார்க்கிள் 1.1இன் நட்சத்திரக் குறி (*), ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் சென்றடைய முடியுமா என்பதை மட்டும் சொல்லும். எவ்வழியே என்பதைச் சொல்லாது. வாங்குபவர் எங்களிடம் கேட்டதோ வழியைத்தான். தரவு ஏற்கெனவே போஸ்ட்கிரெஸில் இருந்தமையால் அங்கேயே முடித்தோம். சுழற்சியை எப்படி நடத்துவது என்று வினவலிலேயே சொல்லிவிட ட்ரெயில் (ஓர் இணைப்பை மீண்டும் கடக்காத பாதை), ஏசைக்ளிக் (ஒரு புள்ளிக்கு மீண்டும் வராத பாதை) போன்ற சொற்களை, இணைப்புத் தரவுத்தளங்களுக்கான வினவல் மொழியாக 2024இல் வெளியான ஜிக்யூஎல் தரநிலை வைத்திருப்பது எவ்வளவு நியாயமானது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சரக்குச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பியவர்கள், காட்பாடியில் இரவெல்லாம் எண்களைச் சரிபார்த்த மாணவர்கள், கணினி தந்து உதவிய நண்பர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எந்தத் தரவுத்தளத்தை ஒப்பிட்டாலும், திரும்பி வந்த லாட்டுகளை முதலில் ஏற்றிவிட்டே சோதனையைத் தொடங்குவோம். ஐயாவின் மற்றப் பேரேடுகளையும் அவர் இசைவு பெற்று, அவரை அருகில் வைத்துக்கொண்டே கணினியில் ஏற்றுவோம்.