படிச்ச மெயில் எல்லாம் முடிச்ச வேலை ஆயிடாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் திருப்பூர்ல பதினாறு வருஷமா கணக்கு வேலை பாக்கறேன். மொதல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்தேன், இப்ப ஏழு வருஷமா சொந்தமா சின்னதா ஒரு ஆபீஸ் போட்டு ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ ஃபைலிங் பண்ணித் தர்றோம், நானும் வேலைக்கு இருக்கற ரெண்டு பொண்ணுங்களும்தான். பார்ட்டிங்க பெரும்பாலும் ஜாப் ஒர்க் பண்றவங்க (அடுத்த கம்பெனி ஆர்டருக்கு கூலிக்கு செஞ்சு குடுக்கறவங்க), நிட்டிங், பிரிண்டிங், காம்பாக்டிங், நாலு பவர் டேபிள் போட்டு தைக்கறவங்க இப்படி. உங்க பேப்பர்ல செல்போன், ஆப், ஏஐ பத்தியெல்லாம் நெறைய போடறீங்க, நான் படிக்கறேன், நல்லா இருக்கு. ஆனா தெனமும் மெயில்லயே உக்காந்து பொழப்பு நடத்தற எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப அடிப்படையா ஒண்ணு தேவைப்படுது, மெயிலுக்குள்ளயே அன்னன்னிக்கு வேலைய எழுதி வச்சு முடிக்கறது எப்படின்னு. அத தமிழ்ல யாரும் பொறுமையா சொல்லி நான் பாத்ததில்ல. அது தெரியாம எங்க ஆபீஸ்ல என்ன ஆச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன்.

2023 கடைசில நடந்தது. ஒரு பிரிண்டிங் பார்ட்டிக்கு ஒரு கிரெடிட் நோட்டை (துணி திரும்பி வந்ததுக்கு பில் தொகைய கொறச்சுக் குடுக்கற சீட்டு) 3பி-ல (வரி கட்டற ரிட்டர்ன்) கழிச்சுட்டு ஜிஎஸ்டிஆர்-1ல (போட்ட பில்லையெல்லாம் காட்டற ரிட்டர்ன்) ஏத்தாம விட்டுட்டோம், அதனால ரெண்டுக்கும் வரி வித்தியாசம் காட்டுச்சு. அப்படி வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல போனா டிஆர்சி-01பி-ன்னு ஒரு இன்டிமேஷன் (நோட்டீஸ் மாதிரி) வரும்ங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்லயும் வரும், மெயில்லயும் வரும். 7 நாளுக்குள்ள ஒண்ணு பணத்த கட்டணும், இல்ல ஏன் வித்தியாசம்னு பதில் போடணும். ரெண்டும் பண்ணலைன்னா அடுத்த மாச ஜிஎஸ்டிஆர்-1 ஃபைல் பண்ண விடாது, லாக் ஆயிடும். அந்த மெயில் வந்தப்ப நான் சொந்தக்காரங்க வீட்டு சீர்ல இருந்தேன். செல்லுல திறந்து பாத்தேன், சரி ஆபீஸ் போயி பாத்துக்கலாம்னு செல்ல பையில போட்டேன், அவ்வளவுதான். அடுத்த நாள் அதுக்கு மேல நாப்பது மெயில் வந்து உக்காந்துடுச்சு, அது படிச்ச மெயிலா வேற ஆயிடுச்சு, எழுத்து தடியா தெரியாது, கண்ணுல படவே இல்ல.

டிசம்பர் 10ஆம் தேதி ராத்திரி ஃபைல் பண்ண உக்காந்தப்பதான் லாக் ஆயிருக்குன்னு தெரிஞ்சுது. பார்ட்டி மாலை போட்டு சபரிமலைக்கு போயிருக்காரு, போன் கிடைக்கல, ரிட்டர்ன் வந்த துணியோட டிசியும் (டெலிவரி சலான்) கிரெடிட் நோட்டு புக்கும் அவர் பீரோவுல பூட்டி இருக்கு. அவர் வந்து, பேப்பர் எடுத்து, பதில் போட்டு, ஜிஎஸ்டிஆர்-1 ஏத்தறப்ப 15ஆம் தேதி ஆயிடுச்சு. 11ஆம் தேதிக்குள்ள ஏத்தினாத்தான் அது 14ஆம் தேதி வர்ற 2பி-ல (வாங்கினவங்களுக்கு எவ்வளவு வரி கிரெடிட்னு காட்டற லிஸ்ட்) விழும், இது இந்த தொழில்ல இருக்கறவங்களுக்கு தெரியும். விழலைன்னா அவருக்கு ஆர்டர் குடுத்த கம்பெனிக்கு அந்த மாசம் வரி கிரெடிட் கிடைக்காது, அதனால அவங்க ஜிஎஸ்டி தொகைய மட்டும் நிறுத்தி வச்சுட்டாங்க. 12 லட்ச ரூபா பில்லுக்கு 5 சதவீதம், 60,000 ரூபா, ஒரு மாசம் நின்னுடுச்சு. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அது பெரிய காசு இல்ல, ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை ஆளுங்களுக்கு கூலி போடற ஒரு பிரிண்டிங் பட்டறைக்கு அது பெரிய காசுங்க. அந்த அண்ணன் என்னைய ஒரு வார்த்தை பேசல, பரவால்ல விடு கண்ணு, அடுத்த மாசம் வந்துரும்னு சொல்லிட்டாரு. அதனாலதான் எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன். நாங்க மூணு பேரும் என்ன பண்ணிட்டிருந்தோம்னா, படிக்காத மெயில்னா பாக்கி வேலை, படிச்ச மெயில்னா முடிஞ்ச வேலைன்னு மனசுக்குள்ள வச்சிருந்தோம். பாதி பாத்துட்டு மறுபடியும் அன்ரீடுன்னு மாத்தி வைக்கறது, ஸ்டார் போடறது, தனக்குத்தானே மெயில் அனுப்பிக்கறது, இதெல்லாம் எல்லா ஆபீஸ்லயும் நடக்குது. என் பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கறா, அவகிட்ட சொன்னப்ப அவ சொன்னா, 1996லயே ஸ்டீவ் விட்டேக்கர், கேண்டஸ் சிட்னர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதே விஷயத்த எழுதியிருக்காங்களாம், மெயில்ங்கறது தகவல் அனுப்பறதுக்கு உண்டானது, ஆனா ஜனங்க அதையே வேலை லிஸ்ட்டாவும் ஃபைல் வைக்கற பீரோவாவும் சேத்து யூஸ் பண்றாங்க, அதனாலதான் திணறுறாங்கன்னு. அத கேட்டப்ப எனக்கு கொஞ்சம் தெம்பா இருந்துச்சுங்க, நம்ம கவனக்குறைவு மட்டும் இல்ல, வைக்கற எடமே தப்புன்னு.

இப்ப நாங்க பண்றத சொல்றேன். ஜிமெயில்ல கம்ப்யூட்டர்ல திறந்தா வலது பக்கம் ஓரமா சின்ன சின்ன ஐகான் இருக்கும், காலண்டர், கீப், அதுக்கு கீழ நீலமா டிக் போட்ட மாதிரி ஒண்ணு, அதுதான் டாஸ்க்ஸ். (அந்த ஓரமே தெரியலைன்னா கீழ வலது மூலையில ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும், அத அழுத்தினா வரும். எங்க ஆபீஸ்ல ரெண்டு சிஸ்டத்துல அது மூடியேதான் கிடந்துச்சு.) இது ஒண்ணும் புதுசு இல்லீங்க, 2008ல சோதனையா விட்டது, 2018ல ஜிமெயிலோட முகத்தை மாத்தினப்ப இந்த ஓரத்துக்கு கொண்டாந்தாங்க, அதுக்கு தனி ஆப்பும் அப்பத்தான் வந்துச்சு. இத்தனை வருஷமா கண்ணு முன்னாடி இருந்திருக்கு, ஒருநாளும் தொட்டதில்ல.

ஒரு மெயில் திறந்தீங்கன்னா மேல ஆட் டு டாஸ்க்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, இல்லைன்னா மூணு புள்ளிக்குள்ள இருக்கும், செல்லுலயும் அந்த மூணு புள்ளியிலதான். அழுத்தினதும் மெயிலோட தலைப்பே டாஸ்க்கா போய் உக்காந்துடும், அதோட அந்த மெயிலுக்கு ஒரு லிங்க்கும் சேந்தே போயிடும், இதுதான் ரொம்ப முக்கியம், பத்து நாள் கழிச்சு டாஸ்க்க தொட்டா நேரா அந்த மெயில் திறக்கும், தேடவே வேண்டாம். ஆனா தலைப்பை அப்படியே விட்டுடக் கூடாதுங்க. கவர்ன்மென்ட் மெயில் தலைப்பை பாத்தா என்ன பண்ணணும்னு ஒண்ணும் புரியாது, அதனால நான் உடனே அழிச்சுட்டு பிரிண்டிங் அண்ணன்கிட்ட டிசி வாங்கி பதில் போடணும் அப்படின்னு செய்ய வேண்டியத எழுதறேன். தேதியும் கடைசி தேதிய போடறதில்ல. 7 நாள் டைம்னா 3ஆவது நாள் போடறேன், ஏன்னா பார்ட்டி ஊர்ல இல்லாம போகலாம், சர்வர் சுத்தலாம், கரண்ட் போகலாம். தேதி போட்டதும் அது கூகுள் காலண்டர்லயும் வந்துடும், காலைல வந்து காலண்டர திறந்தா அன்னைய வேலை அங்கயே நிக்கும்.

மாசாமாசம் வர்ற வேலைக்கு ரிப்பீட் போட்டு வச்சிருக்கோம். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டறது, 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் ஈஎஸ்ஐயும், 20ஆம் தேதி 3பி, மூணு மாசத்துக்கு ஒருக்கா ஃபைல் பண்ற சின்ன பார்ட்டிங்களுக்கு 13ம் 22ம். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு நாள் முன்னாடியே பில் கேக்கணும்னு தனி டாஸ்க். பில் கேக்கற மெயில 4ஆம் தேதி ராத்திரியே மொத்தமா அடிச்சு, ஷெட்யூல் சென்ட்ல காலைல ஒம்பது மணிக்குன்னு போட்டுட்டு தூங்கப் போயிடலாம், அது பாட்டுக்கு போயிடும்.

ஸ்னூஸ்னு ஒண்ணு இருக்கு, அதையும் நெறைய பேரு இதுக்கே யூஸ் பண்றாங்க. மெயில மறைச்சு வச்சு சொன்ன தேதிக்கு மறுபடி மேல கொண்டாந்து விடும். அது நல்லதுதான், ஆனா யாராச்சும் பதில் போடறதுக்காக சும்மா காத்திருக்கற மெயிலுக்கு மட்டும் அது சரி. நாம கை வச்சு செய்ய வேண்டிய வேலைக்கு வேண்டாம், ஏன்னா அது திரும்பி வர்றப்பவும் வெறும் மெயிலாத்தான் வரும், என்ன செய்யணும்னு எங்கயும் எழுதியிருக்காது, மறுபடி முழுசும் படிக்கணும், மறுபடி தள்ளிப் போடுவோம்.

இதுல குறை இல்லாம இல்லீங்க. ஃபில்டர் போட்டு நோட்டீஸ் மெயிலுக்கு லேபிள் ஒட்டலாம், ஸ்டார் போடலாம், ஸ்பாமுக்கு போகாம தடுக்கலாம் (இத மொத வேலையா எல்லாரும் பண்ணிடுங்க), ஆனா ஃபில்டரே டாஸ்க் போடாது, அத நாமதான் போடணும். டாஸ்க் லிஸ்ட்ட இன்னொருத்தரோட ஷேர் பண்ணவும் வழியில்ல. அதனால நாங்க ஆபீசுக்குன்னு ஒரே மெயில் ஐடி வச்சு மூணு சிஸ்டத்துலயும் அதையே திறந்து வச்சிருக்கோம், டாஸ்க் பேருக்கு முன்னாடி யாரு செய்யணுமோ அவங்க பேரோட மொத எழுத்து. அப்புறம் 15 ஜிபி. இது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேத்து. பார்ட்டிங்க அனுப்பற பில் பிடிஎஃப்லயே அது நெறஞ்சுடும், நெறஞ்சா மெயில் உள்ள வராது, நோட்டீஸ் வந்துச்சா இல்லையான்னே தெரியாது. அதனால மாசம் ஒருக்கா பெரிய அட்டாச்மென்ட்ட டவுன்லோட் பண்ணி ஹார்ட் டிஸ்க்ல போட்டுட்டு அழிக்கறதுக்கும் ஒரு ரிப்பீட் டாஸ்க் இருக்கு.

எங்க வீட்டுக்காரர் ஒரு கார்மென்ட்ஸ்ல மெர்ச்சன்டைசர் (பையரோட ஆர்டர பாத்துக்கற வேலை), அவருக்கு மெயில் அவுட்லுக்ல. லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) அப்ரூவல், ஃபிட் சாம்பிள் (அளவு பாக்கற சாம்பிள்) கமென்ட்ஸ், பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முன்னாடி காட்டற சாம்பிள்)னு பையர் மெயில் மழையா கொட்டும், ஒரு நாள் அப்ரூவல் தள்ளினா கட்டிங் தள்ளும், கப்பலே தள்ளிப் போயிடும். அவரு மெயிலுக்கு ஃபிளாக் போட்டு தேதி குடுக்கறாரு, அது மைக்ரோசாஃப்ட் டூ டூல ஃபிளாக் பண்ணின மெயில்னு தனி லிஸ்ட்டா வந்துடுது. காசு குடுக்க வேண்டாம்னு நெனக்கறவங்களுக்கு தண்டர்பேர்டும் இருக்கு, மெயில் மேல ரைட் கிளிக் பண்ணி டாஸ்க்கா மாத்திக்கலாம். எத யூஸ் பண்ணாலும் செய்யற காரியம் ஒண்ணுதான்.

எதுக்கு இவ்வளவு, டைரியில எழுதினா ஆகாதான்னு கேக்கறாங்க. நானும் எழுதினவதான், தினசரி காலண்டர் பின்னாடிகூட எழுதி வச்சிருக்கேன். தனி ஆப்பும் போட்டுப் பாத்தேன். வேலை வர்றது மெயில்ல, எழுதறது வேற எடத்துல, அப்படின்னா அங்க இருந்து இங்க மாத்தி எழுதறதே ஒரு வேலை ஆயிடுது, 18ஆம் தேதி 19ஆம் தேதி நெருக்கடியில மொதல்ல விட்டுப் போறது அந்த மாத்தி எழுதற வேலைதான். மெயில்லயே இருந்தா ரெண்டு கிளிக்கு. வாட்ஸ்அப்ல வர்ற வேலைக்கு மட்டும் இன்னும் சரியான வழி அமையல, பார்ட்டி போட்டோ எடுத்து அனுப்பற பில்ல நாங்களே ஆபீஸ் மெயிலுக்கு ஷேர் பண்ணி அங்க இருந்து டாஸ்க் போடறோம், கொஞ்சம் சுத்து வழிதான்.

டைப்ரைட்டிங் முடிச்சு, சி.ஓ.ஏ. (ஆபீஸ் கம்ப்யூட்டர் வேலைக்கான பரீட்சை) சர்டிபிகேட்டோட நல்ல புள்ளைங்க எங்ககிட்ட வேலைக்கு வர்றாங்க. வேகமா அடிப்பாங்க, எக்செல் தெரியும், மெயில் அனுப்ப அட்டாச் பண்ண தெரியும். வந்த மெயில வேலையா மாத்தத் தெரியாது, அது அவங்க குத்தம் இல்ல, நம்ம யாரும் சொல்லிக் குடுக்கல. ஒருநாள் உக்காத்தி வச்சு சொல்லிக் குடுத்தா போதும், எங்க ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வாரத்துல புடிச்சுக்கிட்டாங்க. கம்ப்யூட்டர் சென்டர் நடத்தறவங்க இத ஒரு பாடமாவே வைக்கணும்ங்க.

நோட்டீஸ் அனுப்பற ஆபீஸ் எதுவா இருந்தாலும் அவங்களுக்கும் ஒண்ணு கேட்டுக்கறேன். கடைசி தேதிய மெயில் தலைப்புலயே போடுங்க, உள்ள பிடிஎஃப்ல மூணாவது பக்கத்துல போடாதீங்க. ஃப்ளைட் டிக்கெட் மெயில் வந்தா ஜிமெயில் தானாவே காலண்டர்ல ஏத்திடுது, வரி கட்டற ஆளுக்கு வர்ற 7 நாள் கெடுவும் அந்த மாதிரி காலண்டர்ல விழற மாதிரி அனுப்ப முடியாதா? அனுப்பினா எத்தனை சின்ன பட்டறைங்க தப்பிக்கும்.

உங்க பேப்பர்ல வாரத்துல ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்கி, படத்தோட, எந்த பட்டன் எங்க இருக்குன்னு தமிழ்ல போட்டீங்கன்னா எங்க ஊர்ல மட்டும் எத்தனையோ கணக்கு ஆபீஸ்ல வெட்டி ஒட்டி வச்சுக்குவாங்க. எழுதித் தர ஆள் இல்லைன்னா நானே எழுதித் தர்றேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துத் தர்றேன், 20ஆம் தேதி முடிஞ்சதும் எப்ப வேணா கூப்பிடுங்க.

இப்படிக்கு,
திருப்பூர் வாசகி