தங்கூசி முடிச்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் நல்ல சுகம்தானே? இங்கே நானும் அப்பாவும் நலம். நேற்றுக் காலையில்தான் பேசினோம், அதற்குள் கடிதம் என்ன என்று நீ நினைக்கலாம். இங்கே காலை ஆறரைக்கு நீ கூப்பிடும்போது டொரண்டோவில் ராத்திரி ஒன்பது. பிள்ளையைத் தூங்க வைக்கிற அவசரம் உனக்கு. சுகர் எவ்வளவு, மாத்திரை போட்டாரா, நடந்தாரா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் என்ன பேச?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாசிக் கடைசியில் மானாமதுரைக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தோம் என்று சொன்னேனே, அது பொய். ரயில் மானாமதுரையைத் தாண்டியபோது நாங்கள் இறங்கவில்லை. மண்டபம் போனோம். ஐந்து நாள் தங்கினோம். அப்பா கடலில் தூண்டில் போட்டார். நீ வேண்டாம் என்று சொன்னது எனக்கு நினைவிருந்தது. தெரிந்தேதான் போனோம். கோபப்படாமல் முழுக்கப் படி தாயி.

ஆவணியில் ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பா எப்படி ஆகிவிட்டார் என்று உனக்குத் தெரியாது. போன் கேமரா முன்னால் அவர் சட்டை மாற்றிக்கொண்டு சிரிப்பார். நீ வைத்ததும் திண்ணையில் போய் உட்காருவார். பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படிக்காமலே இருப்பார். இன்சுலின், பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, இவற்றை எண்ணுவதுதான் வேலை. பழங்காநத்தம் டீக்கடைக்குப் போகவே மாட்டேன் என்றுவிட்டார். முப்பத்தைந்து வருஷம் மில்லில் மூன்று ஷிப்ட் பார்த்த மனுஷன், வாசலுக்கு வந்த காய்கறி வண்டியில் ஒரு பூசணிக்காய் தூக்க என்னைக் கூப்பிட்டார். தூக்க முடியாமல் இல்லை, பயம். நாமெல்லாரும் சேர்ந்து அவருக்குள் வைத்த பயம். கூடாது, கூடாது என்று நீ அங்கேயிருந்து சொன்னாய், நான் இங்கேயிருந்து சொன்னேன்.

தை மாதம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. இருட்டில் சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தார். சின்ன வயசில் மாடக்குளம் கண்மாயில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்த கதை, கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் அள்ளின கதை, உங்கள் அப்பத்தா அயிரையை மண்சட்டியில் பால் ஊற்றிக் கழுவுவார்களாம், அந்தக் கதை. ஒரு மணி நேரம் பேசினார். கடைசியில், "கடல்ல ஒருக்காகூட தூண்டில் போட்டதில்லடி" என்றார். கரண்ட் வந்ததும் பேச்சு நின்றுபோய்விட்டது. எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை.

மறுவாரம் செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடம் நானே கேட்டேன். சமதரையில் நடக்கலாம், வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், படகு வேண்டாம், கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுவதில் ஒன்றும் இல்லை என்றார். இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியில் வைக்கச் சொன்னார். ஒரு சின்னக் கலயம் வாங்கி, மருந்தைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி சுற்றிக்கொண்டேன். சத்துணவுக்கூடத்தில் 28 வருஷம் அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கு எழுதின கை இது. எதையும் விடாமல் நோட்டில் எழுதி எடுத்து வைத்தேன். சர்க்கரை இறங்கினால் வாயில் போட கடலை மிட்டாயும் குளுக்கோஸ் பொட்டலமும் என் மடியிலேயே இருந்தன.

காலை ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னல் ஓரம். சிலைமான், திருப்புவனம், பரமக்குடி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக அப்பா பெயர்ப் பலகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். பரமக்குடிக்கு அப்பால் களத்தில் முண்டு மிளகாய் சிவப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. ராமநாதபுரம் தாண்டியதும் காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்தது.

மண்டபம் ஒரு சின்ன ஊர்தான். வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். நாங்கள் எடுத்த அறை ஒரு வீட்டின் பின்கட்டு. நாளுக்கு 800 ரூபாய், அடுப்பும் நான்கு பாத்திரமும் உண்டு. வீட்டுக்கார அக்காவின் குடும்பம் நாட்டுப்படகு வைத்திருக்கிறது. அந்த அக்காதான் எங்களுக்குத் தங்கூசி, ஈயக்குண்டு, சின்னத் தூண்டில் முள் எல்லாம் வாங்கிக் கொடுத்து, எந்த இடத்தில் கிழங்கான் மீன் மேயும் என்றும் காட்டினார்கள்.

இப்போது நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். தங்கூசி என்பது கண்ணுக்கே தெரியாத நைலான் நரம்பு. முள்ளின் கண் அதைவிடப் பொடிசு. அப்பாவால் கோக்க முடியவில்லை. கை நடுங்குகிறது, கண்ணும் மங்கல். அதோடு, அவர் சாப்பிடுகிற மாத்திரைக்கு முள் குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் முள் கட்டுவது என் வேலை, வீசுவது அவர் வேலை என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம்.

போன வருஷம் அரவிந்தில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்ததே, அந்தக் கண்ணின் அருமை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. 1976-இல் 11 படுக்கையோடு அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால்தான் அவர் அத்தனை பேருக்குக் கண் ஆபரேஷன் செய்தார். மணலில் உட்கார்ந்து முள்ளைக் கையில் எடுத்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முடிச்சைச் சொல்கிறேன் கேள். தங்கூசியை முள்ளின் கண்ணுக்குள் விட்டு இழுத்து, அதன் மேலேயே ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டும். முனையைத் திருப்பி, கண்ணை ஒட்டி இருக்கிற முதல் வளையத்துக்குள் நுழைக்க வேண்டும். அப்புறம் எச்சிலில் நனைத்து மெதுவாக இழுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் உரசுகிற சூட்டில் நரம்பு நைந்துவிடும், மீன் இழுக்கும்போது அந்த இடத்திலேயே அறுந்துபோகும். முதல் இரண்டு தடவை எனக்கு நழுவியது. அப்புறம்தான் விரலுக்குப் பிடிபட்டது. மல்லிகை கட்டும்போது வாழைநாரை ஒரு சுண்டு சுண்டி இறுக்குவோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே பதம்தான். வீட்டுக்கார அக்கா வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "மதுரைக்காரவுகளுக்குப் பூக்கட்டுற கை" என்றார்கள்.

இறாலை உரித்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கிக் கோத்துக் கொடுத்தேன். அப்பா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று ஈயக்குண்டைச் சுழற்றி வீசினார். வீசிவிட்டு நரம்பை ஆள்காட்டி விரல் மேல் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றார். விரலில்தான் மீன் பேசும் என்று அவருக்குக் கண்மாய் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் கழுத்து திரும்பிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "எடுக்குது, எடுக்குது" என்று குசுகுசுவென்று சொல்கிறார், மீனுக்குக் கேட்டுவிடும் என்கிற மாதிரி. சுண்டி இழுத்தார். ஒரு சாண் நீளம், கூர் மூக்கு, வெள்ளிக் காசு மாதிரி மினுங்குகிற கிழங்கான். அதை என் முந்தானையில் போட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைப் பிரசவ வார்டில் கையில் வாங்கியபோது சிரித்த சிரிப்பு அது. நான் போட்டோ எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு ஏழு மீன். கரிமேட்டில் எத்தனையோ வருஷம் மீன் வாங்கியிருக்கிறேன், கிழங்கானுக்கு இந்த ருசி இருக்கும் என்று தெரியாது. கொஞ்சம் புளி, சின்ன வெங்காயம், முண்டு மிளகாய், அவ்வளவுதான். எண்ணெயில் பொரிக்கவில்லை, பயப்படாதே.

ஒரு நாள் ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்து ராமேஸ்வரம் போய்ச் சாமி கும்பிட்டு வந்தோம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். கப்பல் வந்தால் நடுவில் ஒரு பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளுமாம். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய பாலம் சும்மா நின்றது. அப்பா புதியதை ஏறிட்டும் பார்க்கவில்லை, பழையதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இன்னொரு நாள் ஆட்டோ பிடித்து உச்சிப்புளிப் பக்கம் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் போனோம். வைகை கடலில் சேருகிற இடம் அதுதான். வைகை கடலுக்குப் போகாத ஆறு என்று நம் ஊரில் சொல்வார்கள். பாதிக்கு மேல் கண்மாய்களுக்கே போய்விடும், மிச்சமிருந்தால்தான் இங்கே வரும். அப்பா கரையில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஆறு இம்புட்டுத் தூரம் வந்துருச்சு பாரு" என்றார். தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். உப்பாகத்தான் இருந்தது.

பாசி எடுக்கிற பெண்களையும் பார்த்தேன். என் வயசுக்காரிகளும் இருந்தார்கள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி பறிக்கிறார்கள். அவர்களைப் பார்த்த பிறகு என் முழங்கால் வலியைப் பற்றி ஊருக்குத் திரும்புகிறவரை வாய் திறக்கவில்லை.

சரி, மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நாலாம் நாள் அலை செருப்பை இழுக்கிறது என்று அப்பா அதைக் கழற்றி வைத்துவிட்டார். மீன் நன்றாக எடுத்ததால் பதினோரு மணி ஆகிவிட்டது. திரும்பும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காய்ந்த மணலில் நடந்தார். நான் முன்னால் போனேன், கவனிக்கவில்லை. ராத்திரி வழக்கம்போலக் கைக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். சுட்டிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்துவிட்டது. வலிக்கவே இல்லை என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உடைக்காமல் கழுவித் துடைத்து, சுத்தமான துணி கட்டி, மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம். இங்கே ஒன்றுவிட்டு ஒரு நாள் டிரஸ்ஸிங். பதினாறு நாளில் ஆறிவிட்டது. இப்போது புதுத்தோல் வந்திருக்கிறது, நான் தினமும் தொட்டுப் பார்க்கிறேன்.

அது என் கவனக்குறைவு. கடலின் மேல் பழி போடாதே, அப்பா மேலும் போடாதே. பின்னால் வார் வைத்த, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு வாங்கியாகிவிட்டது, தண்ணீரிலும் கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நோட்டில் இருப்பதையும் எழுதுகிறேன். புறப்பட்ட அன்று வெறும் வயிற்றில் 168, ஐந்தாம் நாள் 131. கொப்புளம் இருந்த நாட்களில் மறுபடி ஏறியது, இப்போது இறங்கிவிட்டது. நோட்டில் எழுத முடியாதது வேறு. அப்பா மறுபடி டீக்கடைக்குப் போகிறார். மாடக்குளம் கண்மாய்க்கரை வரை சாயங்காலம் நடக்கிறார். முந்தாநாள் சிலிண்டரைத் தூக்கப் போனார், அதை மட்டும் நான் விடவில்லை.

நீ இனிமேல் போனில் சுகரைக் கடைசியில் கேள். முதலில் மீனைப் பற்றிக் கேள்.

ஜூலையில் பிள்ளைக்குப் பள்ளி லீவு என்றாயே, அப்போது வா. சித்திரைத் திருவிழாவுக்கு வர முடியாது என்று நீ வருத்தப்பட்டாய், பரவாயில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. கரையில் நின்று தூண்டில் போடுகிறவருக்கு அது இல்லை என்றாலும், ஜூலை என்றால் துறையில் மீன் வந்து இறங்குவதைக் குட்டிப் பயல் பார்க்கலாம். ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் நம் தெப்பக்குளம் மாதிரி கிடக்குமாம். அக்காவிடம் கேட்டுவிட்டேன், அறை தருகிறார்கள்.

பேரனுக்கு என்று அப்பா ஒரு மரக்கட்டையை இழைத்துத் தங்கூசி சுற்றி வைத்திருக்கிறார். முள் இன்னும் கட்டவில்லை. அதை நீ வந்து கட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

கால் விஷயத்தை நான் எழுதினேன் என்று அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவராகவே உன்னிடம் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா
பழங்காநத்தம், மதுரை