மடக்குக் கத்திக்கு டியூப் சுற்ற வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மா ஒட்டுக் கட்டுவது, முருங்கை கவாத்து, சொட்டுநீர்க் குழாய் பதிப்பது என்று வேளாண் பக்கத்தில் நிறைய எழுதுகிறீர்கள். அத்தனை வேலைக்கும் மடியிலிருந்து எடுக்கும் மடக்குக் கத்தியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வருவதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டங்களில் புழங்கும் சாதாரணக் கத்தியில் அலகுக்குக் குறையில்லை. கைப்பிடிதான் வெறும் தகடு. அழுத்தி அறுக்கும்போது அதன் விளிம்பு உள்ளங்கையில் ஏறுகிறது. பிடி மெலிந்திருப்பதால் கைக்குள் உருளவும் செய்கிறது. ஒட்டுக்குச் சீவும் வெட்டு கோணலாகப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

வலி பொறுக்காமல் பலர் சைக்கிள் டியூப்பைச் சுற்றிவிடுகிறார்கள். அலகு மடங்கும் பள்ளம் அதனால் அடைபடுகிறது. திறந்த கத்தியை மடியில் செருகிக்கொண்டு குனிகிறார்கள். இது ஆபத்து.

செய்ய வேண்டியது வேறு. முதலில் கத்தியை மடக்கி, பள்ளத்தின் மேல் டேப் ஒட்டி, வைஸில் (திருகி இறுக்கும் பட்டறைப் பிடிப்பானில்) இரு மரத்துண்டுகளுக்கு நடுவே பிடிக்க வேண்டும். தகட்டின் வெளி விளிம்புகளைச் சன்ன அரத்தால் மழுக்கி, 120, அடுத்து 240 எண் உப்புத்தாள் போட வேண்டும். பல கத்திகளுக்கு இதுவே போதும்.

போதாதவற்றுக்கு இருபுறமும் மரத்தில் அறுத்த தட்டைப் பட்டை ஒட்டலாம். நன்றாகக் காய்ந்த வாகை அல்லது ஈட்டி, 5 மி.மீ. கனம். பச்சை மரம் பின்னால் சுருங்கிப் பசையை விட்டுக் கிளம்பும். ஸ்பிரிங்கையும் அலகையும் பிடித்திருக்கும் ரிவெட்டுகளை எக்காரணம் கொண்டும் தட்டக் கூடாது, கத்தியே கழன்றுவிடும். ரிவெட் தலை உட்காரும் அளவுக்குப் பட்டையின் உட்புறம் குழி தோண்டினால் பட்டை ஆடாது. தகட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அரால்டைட் பசை பூசி, ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். மிக இறுக்கிப் பிடித்தால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும். அலகு திரும்பும் ஆணியில் முன்பே கொஞ்சம் கிரீஸ் தடவாவிட்டால் பசை உள்ளே இறங்கிக் கத்தி திறக்கவே திறக்காது. அலகை நகத்தால் இழுத்துத் திறக்கும் நகக்குழிக்கு நேரே மரத்தைக் குடைந்து வழிவிடவும் பலர் மறக்கிறார்கள்.

வடிவத்துக்குக் கைதான் அளவு. பிடி முழுக்கச் சாக்பீஸ் தடவிக் கொஞ்ச நேரம் கயிறு அறுத்துப் பார்த்தால், சுண்ணம் அழிந்த இடம்தான் கையை உறுத்துகிற இடம். அங்கே மட்டும் சீவ வேண்டும். நடுவில் சற்றே பருத்து, இரு முனையிலும் மெலிந்தால் நல்லது.

மின்சாணை கிரைண்டரில் வைத்துத் தேய்க்க வேண்டாம். சூடு அலகுக்கு ஏறி எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. அப்புறம் எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது. வார்னிஷும் வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கும். தேங்காயெண்ணெய் காயாமல் பிசுக்காகவே நிற்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காயக் காயப் பூசினால் போதும். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும்; விரித்துக் காயவிடுங்கள். கடைசியில் அரத்தூள் போகக் கழுவித் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும்.

தோட்ட வேலையில் நிறையப் பெண்கள் கையில் நடக்கிறது. பட்டறைக்காரர்கள் பிடியைச் சிறிது, பெரிது என இரண்டு அளவிலாவது, விளிம்பு மழுக்கியே செய்து விற்கலாம். உங்கள் வேளாண் பக்கம் இதை அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும்.

ஒரு வாசகர்,
காங்கேயம்.