சனிக்கிழமை மாந்தைப் பயணம்

அனைவருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வான் கிளம்பும். புத்தளம், அநுராதபுரம் வழியாக மன்னார் போகிறோம். முன்னூறு கிலோமீட்டர் அளவு தூரம், ஆகவே தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள்.

முதலில் மாந்தை. மாதோட்டம் என்று தேவாரத்தில் வருகிற அதே துறைமுகம்தான். ரோம், பாரசீகம், சீனம் வரை வணிகத் தொடர்பு இருந்த இடம். அங்கே பெரிய தூண்களைத் தேடாதீர்கள். குதிரை லாட வடிவ மேடும் அதைச் சுற்றி இரட்டை அகழியின் தடமும்தான் இருக்கும். ஆனால் 2009-10 அகழ்வில் அந்த மண்ணிலிருந்து மிளகும், கிராம்பும், மத்தியதரைக் கடற்பக்கத்துப் பயிரான கோதுமையின் மணிகளும் கிடைத்தன. யாரோ ஒரு மாலுமியின் சாப்பாட்டில் சிந்தியதாகக்கூட இருக்கலாம்! எனக்கு அதை நினைத்தாலே மெய்சிலிர்க்கிறது. பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

அப்புறம் பக்கத்திலேயே திருக்கேதீச்சரம் சிவன் கோயில், அதன் பாலாவித் தீர்த்தம். ஆண்கள் வேட்டி கொண்டு வந்தால் நல்லது. நேரம் இருந்தால் மன்னார்க் கோட்டையும் பார்ப்போம்.

வெயில் கடுமையாக இருக்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். மேட்டில் கிடக்கிற பழைய பானை ஓட்டுத் துண்டு ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் தாருங்கள்.