பதின்மூன்றாம் வசனத்துக்கு முன்னும் பின்னும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ வீடுகளின் சுவர்களில் அடிக்கடி காணப்படும் வசனங்களுள் ஒன்று 1 கொரிந்தியர் 10:13. நம்முடைய திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார், சோதனையோடுகூட அதற்குத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார் என்று அது சொல்கிறது. கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையிலும் அந்த அட்டை, மணிக்கூட்டுக்குக் கீழே என் மனைவி மாட்டிய இடத்தில், இன்றும் தொங்குகிறது. அதன் கீழே இருந்துதான் நான் பதினொரு வருடம் குடித்தேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து நாட்களில் சோதனையை வெல்வதைப் பற்றி ஆலயங்களில் அதிகம் பேசப்படுவதால், அப்படி விழுந்து கிடந்த ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த வசனத்தை நாங்கள் தனியே வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டிவிட்டோம். முந்திய 12ஆம் வசனம், தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடி எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்கிறது. அடுத்த 14ஆம் வசனம் விக்கிரகாராதனைக்கு விலகி ஓடச் சொல்கிறது. கிட்ட நின்று பலம் பார்க்கும்படி, அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே சொல்லவில்லை. நானோ, “ஆண்டவரே, பெலன் தாரும்” என்று ஜெபித்துக்கொண்டே, தவறணை என்னும் மதுக்கடை இருந்த அதே வீதியால் ஒவ்வொரு மாலையும் சைக்கிளில் வீடு திரும்பினேன். சம்பள நாளில் அந்த ஜெபம் முடியுமுன்பே சைக்கிள் நின்றுவிடும். கடைக்காரர் எதுவும் கேட்பதில்லை. அரைப்போத்தலைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி நீட்டுவார். அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் பைக்குள் வைப்பேன். வீட்டில் பெட்டியைக் கழுவ எடுக்கும் மனைவி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசமாட்டார்.

கடை இருப்பதால்தானே குடிக்கிறார்கள் என்பவர்களும் உண்டு. பௌர்ணமி நாளான போயா தினங்களில் சட்டப்படி மதுக்கடைகள் பூட்டப்படுகின்றன. நான் கலண்டரில் போயாவைத் தேடியதெல்லாம் முதல் நாளே இரண்டாக வாங்கி வைப்பதற்குத்தான். அவனவன் தன் சுய இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு 1:14 சொல்வதை என்னளவில் நான் மறுக்க முடியாது. ஆனால் அந்த இச்சைக்கும் பழகிய ஒரு வீதியும், ஒரு நேரமும், யாருக்கும் தெரியாது என்ற தைரியமும் வேண்டியிருந்தன.

எனக்கு உண்டாக்கப்பட்ட போக்கு எங்கள் சபை மூப்பர் ஒருவர். போதகரிடம் சொல்ல வெட்கப்பட்டதை ஓர் அடைமழை நாளில் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. “தம்பி, நாளைக்கு நாலரைக்கு நான் கந்தோர் வாசலில் நிற்பன்” என்றார், நின்றார். ஒழுங்கைகளால் சுற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, இருவரும் கல்லடிப் பாலம் வரை நடந்தோம். வழியெல்லாம் பெரும்பாலும் வாவி மீனைப் பற்றியே பேசினார். அப்படி எட்டு மாதம். சம்பளம் நேரே மனைவியின் கைக்குப் போனது. பாவத்துக்கு அழைத்த தன் எஜமான் போத்திபாரின் மனைவியிடம் இறுதியில் யோசேப்பு வாதாடிக்கொண்டு நிற்காமல், வஸ்திரத்தை அவள் கையிலே விட்டுவிட்டு வெளியே ஓடிப்போனதை, துணிவற்ற செயல் என்று ஒரு காலம் நினைத்திருந்தவன் நான்.

வனாந்தரத்தில் மூன்று சோதனைகளும் முடிந்தபின் பிசாசு இயேசுவை விட்டுச் சிலகாலம் விலகிப்போனான் என்று லூக்கா 4:13 கூறுகிறது. எனக்கு அந்தச் சிலகாலம் இரண்டு வருடம். பிறகு ஒரு கல்யாண வீட்டில், பின்வளவில் போட்டிருந்த மதுபான மேசையருகே, எங்களோடு ஆராதனைக்கு வருபவரே ஒருவர் “ஒரு சொட்டுத்தானே” என்று என் கையைப் பிடித்துக் கிளாஸைத் திணித்தார். ஐஸ் போட்ட அந்தக் கிளாஸின் குளிர் விரலில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. அதை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே வீடு வந்தேன். அவர் கெட்டவர் அல்லர். என் நிலை அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் நாங்கள் இன்னும் கவனமாயிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் மதுபானம் பண்ணாதிருப்பது நலம் என்று ரோமர் 14:21 எங்களுக்குத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1814ஆம் ஆண்டிலேயே மெதடிஸ்த ஊழியம் தொடங்கிய ஊர் இது. எங்கள் ஆலயத்தில் திருவிருந்துக்குப் புளிக்காத திராட்சரசமே ஊற்றப்படுகிறது. ஆனால் அதே பந்தியில் முழங்காலிட்டவர்கள், கிறிஸ்மஸுக்கும் கல்யாணத்துக்கும் அந்த மேசை இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்.

வருகின்ற வைகாசியில் என் மகளுக்குத் திருமணம். பின்வளவில் மேசை போடப்பட மாட்டாது என்று உறவினர்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். இரண்டு குடும்பத்தார் மனவருத்தப்பட்டிருக்கிறார்கள். அவர்களை நேரில் போய் அழைக்க நானும் மனைவியும் இந்த வாரம் செல்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.