கோட்டோர்க்காரர் போன் செய்தார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலி தேவலையா? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் கேட்கிற ஆளா நீ!

நம்மோடு கப்பலில் இருந்த சீஃப் மேட் ஞாபகம் இருக்கிறதா, மாண்டினீக்ரோவின் கோட்டோர்க்காரர்? போன் செய்தார். நலம் விசாரித்து முடிக்கும் முன்பே அரசியல் ஆரம்பம். 2028-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 28-வது நாடு நாங்கள்தான் என்கிறார். அது அவர்கள் அரசாங்கம் சொல்லிவரும் கணக்கு.

மொத்தமே ஆறு லட்சத்துச் சொச்சம் பேர். 2006 வாக்கெடுப்பில் 55 சதவீதமாவது வேண்டும் என்று ஒன்றியம் கோடு போட, 55.5 வாங்கி செர்பியாவிடமிருந்து பிரிந்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், உறுப்பினராகாமலே 2002-லிருந்து யூரோவில்தான் புழங்குகிறார்கள். அதற்கு முன் ஜெர்மன் மார்க். அழைப்பு வருமுன்பே பந்தியில் உட்கார்ந்த கதை. பார் துறைமுகத்தில் யூரோ கொடுத்து சிகரெட் வாங்கினோமே, அப்போது இவர்களும் உறுப்பினர்கள் என்றே நான் நினைத்திருந்தேன்.

ஒன்றியத்தில் சேர்வதற்கான பேச்சுவார்த்தை 2012-ல் தொடங்கியது. மொத்தம் 33 அத்தியாயங்கள். ஒவ்வொன்றிலும் நாட்டின் சட்டத்தை ஒன்றியத்தின் சட்டத்தோடு பொருத்திக் காட்டினால்தான் அதை மூடுவார்கள். எட்டு வருடத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள், மூடியது மூன்றே மூன்று! 2024 ஜூனில் நீதித் துறை, ஊழல் ஒழிப்பு சம்பந்தமான இடைக்கால நிபந்தனைகள் நிறைவேறின என்று ஒன்றியம் ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. 2025 முடிவதற்குள் 12 மூடியாயிற்று.

எனக்கென்னவோ மிச்சமிருப்பதுதான் கடினமான பாதி. சட்டத்தை ஒரே இரவில் நாடாளுமன்றத்தில் கைதூக்கி நிறைவேற்றிவிடலாம். நீதிபதிகளை அப்படி மாற்ற முடியுமா? உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவரையே 2022-ல் கைது செய்தார்கள். நான் அதை முன்னேற்றம் என்றேன். அவர் சிரித்தார். "பிடிப்பது ஒரு நாள் வேலை. வழக்கை நடத்தி முடிப்பது?"

அப்புறம் அண்டை வீடு. இரண்டாம் உலகப் போரின்போது அன்றைய குரோவேஷிய ஆட்சி நடத்திய யாசெனோவாட்ஸ் வதைமுகாம் பற்றி 2024-ல் மாண்டினீக்ரோ நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். குரோவேஷியாவுக்குக் கோபம். அந்த டிசம்பரில் வெளியுறவு அத்தியாயத்தை மூடவிடாமல் நிறுத்திவிட்டது. எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதால், ஒருவர் முகம் சுளித்தாலும் கதை முடிந்தது. இதைச் சொல்லும்போது மனிதர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. குரோவேஷியக் கப்பல்களில் எத்தனை வருடம் வேலை பார்த்தவர்!

அவர் பேரன் இந்த வருடம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டானாம். நாடு சேரும்வரை அவனால் காத்திருக்க முடியவில்லை.

சரி, சேர்ந்துவிட்டால் நம் இருவரையும் கோட்டோருக்கு வரச் சொல்கிறார். கோட்டைச் சுவர் ஏற 1,300-க்கு மேல் படி. முட்டியைச் சரி பண்ணி வை.

அன்புடன்,
மணி