ஆறாவது நகர்த்தலில் இ3

காரைக்குடி

அன்புள்ள வள்ளியப்பா,

உன் கடிதமும் பேரனின் செஸ் ஆட்டத் தாளும் கிடைத்தன. அவன் வெள்ளையில் டி4 (ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது) ஆட ஆரம்பித்திருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆட்டம் கைவிட்டுப் போனது ஆறாவது நகர்த்தலில். அதைப் போர்டில் காய் வைத்தே அவனுக்குக் காட்டு. எழுத்து வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் ஹெச் வரை நெடுக்கு வரிசை, எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் கட்டம்; காய் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய்.

டி4 டி5, சி4 இ6, குதிரை சி3, குதிரை எஃப்6, பிஷப் (மந்திரி) ஜி5, இன்னொரு குதிரை டி7. பிறகு டி5-இல் சிப்பாய்க்குச் சிப்பாய் வெட்டு. இதுவரை குறையே இல்லை. 2024-இல் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியில் குகேஷ் டிங் லிரனை வென்ற மூன்றாவது ஆட்டமும் இந்தப் பரிமாற்ற வகைதான்.

கறுப்பின் எஃப்6 குதிரை அசைந்தால் அதன் ராணி போய்விடும், அதனால் டி5 சிப்பாய் சும்மா கிடைக்கிறது என்று நம்பிக் குதிரையால் வெட்டிவிட்டான். கறுப்பு அந்தக் குதிரையை எடுத்தது. இவன் பிஷப் டி8 ராணியை எடுத்ததும் பி4-இல் பிஷப் செக்! டி1-இல் சொந்த ராணி, இ2, எஃப்2-இல் சொந்தச் சிப்பாய்கள், டி2 அந்த பிஷப்பின் வழியில். ராஜாவுக்கு ஓட இடமே இல்லை. ராணியை டி2-இல் குறுக்கே வைத்தே தீர வேண்டும். ராணியும் போய், டி8 பிஷப்பும் போய், கடைசியில் ஒரு சிப்பாய் லாபம், ஒரு காய் நஷ்டம். 1848-இல் பெர்லினில் ஹார்விட்ஸ் என்ற ஆட்டக்காரரிடம் மாயெட் என்பவர் விழுந்ததும் இதே பொறியில்தான்.

ஆறாவதில் இ3 போட்டிருந்தால் இ2 காலி. அப்புறம் டி5-ஐ வெட்டுவது நிஜமான மிரட்டல்: செக் வந்தால் ராஜா இ2-க்கு ஏறிவிடும், ஒரு குதிரைக்கும் பிஷப்புக்கும் ராணி கிடைக்கும். அதனால் கறுப்பு சி6, பிஷப் இ7 மாதிரி ஏதாவது ஆடித் தடுக்க வேண்டும்.

பிறகு பிஷப் டி3, ராணி சி2 (இரண்டுமே ஹெச்7-ஐப் பார்க்கும்), குதிரை எஃப்3, காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் நகர்த்திக் கோட்டை கட்டுவது). அடுத்து யானை பி1, பிறகு சிப்பாய் பி4, பி5. யானை வருமுன் பி4 தள்ளினால் இ7 பிஷப்புக்கு அது தீனி. கறுப்பு ஏ6 போட்டால் ஏ4-உம் தள்ளிக்கொள்ளட்டும். பி5 போய் சி6-இல் வெட்டு நடந்தால் அங்கே மிஞ்சும் சிப்பாய்க்குச் சிப்பாய்த் துணை கிடையாது. சி வரிசையில் யானைகளை நிறுத்தி அமுக்கலாம். கறுப்புக் குதிரை இ4-இல் வந்து உட்காராமல் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளையார் நோன்புக்கு வரும்போது அவனையும் கூட்டி வா. இனி ஆட்டத் தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கடிகார நேரத்தையும் எழுதச் சொல். ஆச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முத்து